எட்டு வயது மகளுக்கு விக் வாங்க வேண்டும், சென்னையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஜெயா_பெரம்பூர் | ஏப்ரல் 19, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு வயது, ஜூனில் நான்காம் வகுப்பு போகிறாள். போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போது பின்மண்டையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வழுவழுவென்று ஓர் இடம் கையில் பட்டது. பொங்கலுக்குள் அது நான்கு இடமானது. இப்போது பாதித் தலைக்கு மேல் முடி இல்லை. தோல் டாக்டர் அலோபீசியா ஏரியேட்டா என்றார், நாம் புழுவெட்டு என்கிறோமே அதுதான். மருந்து போய்க்கொண்டிருக்கிறது. மாமியார் சின்ன வெங்காயம் அரைத்துத் தேய்த்ததில் தோல் சிவந்து இரண்டு நாள் பாப்பா தூங்கவில்லை, அதை நிறுத்திவிட்டோம்.

திட்டுத் திட்டாகத் தெரிகிறதே என்று மொட்டை அடித்தோம். நம் ஊரில் ஒரு வசதி, மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை, எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். திருத்தணி என்று சொல்லிச் சமாளித்தோம். முளைத்தபோது மறுபடியும் தீவு தீவாக முளைத்தது, மறுபடியும் மழித்தோம். மூன்றாவது தடவை கீழ்வீட்டு அம்மா, "ஏம்மா, எத்தன சாமிக்குத்தான் வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி பாப்பா சொன்னாள், "பொய் சொல்ல வேணாம்மா, எனக்கு விக் வாங்கிக் குடு."

போன வாரம் ஒரு கடைக்குப் போனோம். பெரியவர்கள் விக் ஒன்றை எடுத்து உள்ளே இரண்டு தையல் பிடித்து, "கிட்ஸ் சைஸ் மேடம்" என்று மாட்டினார்கள். ஹெல்மெட் போட்டதுபோல இருந்தது. பதினான்காயிரம் என்றார்கள். பாப்பா கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

எதைப் பார்த்து வாங்குவது? நிஜ முடியா, சிந்தெடிக்கா? பள்ளிக்கூடத்தில் ரெட்டைப் பின்னல் கட்டாயம். அவளுக்கும் பின்னல்தான் வேண்டுமாம். இந்த வெயிலில் தாங்குமா? 30 ஆயிரத்துக்குள் முடிய வேண்டும்.

குமார்_வேளச்சேரி | ஏப்ரல் 20, காலை 7:05

சகோதரி, என் பையனுக்கு ஆறு வயதில் லுக்கேமியா. கீமோ ஆரம்பித்து மூன்றாவது வாரம் தலையணை உறை முழுக்க முடி. பதறிப்போய் ஒரு விக் வாங்கினோம். இரண்டு நாள் போட்டான், அரிக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டான். அப்புறம் ஒரு வருஷம் மஞ்சள் தொப்பியோடு சுற்றினான், தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. கீமோ முடிந்து நாலைந்து மாதத்தில் முடி வந்துவிட்டது, நேர்முடிக்காரனுக்குச் சுருட்டையாக.

எங்களுக்கு அது முடியப்போகிற விஷயம் என்று தெரியும். புழுவெட்டு அப்படி இல்லை, தானாக வரும், மறுபடி போகும் என்கிறார்கள். அதனால் நீங்கள் கொஞ்சம் நல்லதாகப் பார்த்து வாங்குவது சரிதான். ஆனால் வாங்கும் முன் வீட்டிலேயே ஏதாவது ஒரு தொப்பியை இரண்டு மணி நேரம் போட்டு இருக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்கே முகம் சுளித்தால் 30 ஆயிரம் வீண்.

முடிவேலை_சாலிகிராமம் | ஏப்ரல் 20, மதியம் 2:40

நான் 22 வருஷமாக விக் கட்டுகிறவன். சினிமாவில் ஆரம்பித்தேன். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் உடம்புக்கு முடியாதவர்கள்தான். யாரிடம் வாங்கினாலும் இதையெல்லாம் தெரிந்துகொண்டு போங்கள்.

அளவு முதலில். தையல் டேப்பை நெற்றியில் முடி தொடங்கும் கோட்டில் வைத்து, காதுக்குப் பின்னால் இறக்கி, பிடரி வழியாக ஒரு சுற்று. முடியே இல்லாத பிள்ளைக்கு அந்தக் கோடு எங்கே என்று கேட்பார்கள். பிள்ளையின் கையிலேயே நான்கு விரலைச் சேர்த்துப் புருவத்துக்கு மேல் படுக்க வைத்தால், மேல் விரல் முடியும் இடம் ஏறக்குறைய அந்தக் கோடு. உங்கள் கையை வைக்காதீர்கள், நெற்றி ஏறிப்போகும். அடுத்து நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரிக்கு. பிறகு காதிலிருந்து காதுக்கு, ஒன்று உச்சி வழியாக, ஒன்று நெற்றி வழியாக. கடையில் தொங்கும் விக் 55 முதல் 57 செ.மீ. தலைக்குச் செய்தது. எட்டு வயதுக்கு 51, 52, மிஞ்சினால் 53 இருக்கும். பின்னால் இருக்கும் பட்டையை இழுத்து ஒன்றிரண்டு செ.மீ. குறைக்கலாம். ஆனால் உச்சி ஆழம் குறையாது, காதுப் பக்கத்து மடிப்பு காது மேல் ஏறி உட்காரும். நீங்கள் பார்த்த ஹெல்மெட் அதுதான்.

ஹெல்மெட்டுக்கு இன்னொரு காரணம் முடியின் அடர்த்தி. பெரியவர்கள் விக்கில் முடியை அள்ளித் திணித்திருப்பார்கள். குழந்தைக்கு முடி மெல்லிசு, நெற்றி ஓரத்தில் இன்னும் மெல்லிசு. "முன்னால் குறைத்துப் போடுங்கள்" என்று கேளுங்கள். முன் ஓரம் மெல்லிய நெட் துணியாக இருக்கட்டும், அதில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் முடிச்சுப் போட்டிருப்பார்கள். கோடு போட்டதுபோல நேராக இருக்கக் கூடாது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்க வேண்டும். அந்த நெட் பெரும்பாலும் வெளிநாட்டுத் தோலுக்கு ஏற்ற வெளிர் நிறத்தில்தான் வரும். நம் பிள்ளைகள் நெற்றியில் வைத்தால் சாம்பல் பூசியதுபோல் ஒரு கோடு தெரியும். டீத்தூளை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறிய டிகாஷனில் ஓரத்தை நனைத்து எடுத்தால் நம் நிறத்துக்கு வந்துவிடும். நாங்கள் ஷூட்டிங்கில் செய்வதும் அதையேதான்.

இப்போது பின்னல். நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இது. சாதாரண விக்கில் முடியை மெஷினில் நாடா மாதிரி தைத்து வரிசை வரிசையாகத் தொப்பியில் வைத்துத் தைத்திருப்பார்கள். முடியை விரித்துவிட்டால் தெரியாது. ரெட்டைப் பின்னலுக்கு நடுவகிடு நெற்றியிலிருந்து பிடரி வரை எடுத்தாக வேண்டும். எடுத்தால் பின்னால் அந்த நாடாக்கள் ரயில் தண்டவாளம் மாதிரி தெரியும். பிடரி ஓரத்தில் தொப்பியின் எலாஸ்டிக்கே வெளியே வந்துவிடும். அதனால் பின்வகிடு முழுக்க ஒரு விரல் அகலமும், பிடரி ஓரம் இரண்டு விரலும் கைமுடிச்சு வேலையாக இருக்க வேண்டும். ரெடிமேடில் இது கிடைப்பது கஷ்டம், சொல்லித்தான் செய்ய வேண்டும்.

என் யோசனை என்றால் பாப் கட் வாங்குங்கள், ஹேர்பேண்ட் போட்டு அனுப்புங்கள். பாதி விலையில் முடியும். பின்னல்தான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், சரி, செய்யலாம்.

ஜெயா_பெரம்பூர் | ஏப்ரல் 20, இரவு 10:15

அண்ணா, ரொம்ப நன்றி. இன்றைக்கே அளந்தோம், 51.5 வந்தது. பாப் கட் பற்றிச் சொன்னேன். "அது ஆம்பளப் பசங்க மாதிரி இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ரெமி முடி என்று ஒருவர் சொன்னார், விலை இரட்டிப்பு. அது நிஜமா, வெறும் வியாபாரப் பெயரா?

முடிவேலை_சாலிகிராமம் | ஏப்ரல் 21, காலை 9:30

நிஜம்தான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் ரெமி கிடையாது. முடியின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு உண்டு, வேரிலிருந்து நுனிப்பக்கம் படிந்திருக்கும். ஒரே தலையில் வெட்டிக் கட்டிய முடியில் வேர் எல்லாம் ஒரு பக்கம், நுனி எல்லாம் ஒரு பக்கம் இருக்கும். அது எளிதில் சிக்காது, அதுதான் ரெமி. தெருவில் "முடி இருக்கா, முடி" என்று கூவி எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு போவார்களே, அது சீப்பில் உதிர்ந்த முடி, தலையும் வாலுமாகக் கலந்திருக்கும். அதை ஆசிட்டில் போட்டுச் செதிலை எடுத்துவிட்டு, சிலிக்கான் பூசிப் பளபளவென்று விற்பார்கள். நாலு அலசலில் பூச்சு போய்விடும், அப்புறம் தேங்காய் நார்தான்.

ஒரு முடியை எடுத்து வேரிலிருந்து நுனிக்கு விரலால் உருவுங்கள், வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகப் பிடிக்கும். இரண்டு பக்கமும் வழுக்கினால் செதில் எடுத்த முடி. சிந்தெடிக் கலந்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு முடியைக் கொளுத்துங்கள். நிஜ முடி கருகி, நாற்றம் அடித்து, சாம்பலாக உதிரும். சிந்தெடிக் உருகி மணி மாதிரி உருண்டு நிற்கும்.

நல்ல முடி பெரும்பாலும் கோயில் முடிதான். திருமலையில் காணிக்கை முடியை நீளவாரியாகப் பிரித்து தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, வெளிநாட்டுக்குத்தான் நிறையப் போகிறது.

சிந்தெடிக்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். எடை குறைவு, அலசினாலும் படிந்த வாகு மாறாது. ஆனால் நீளமாக இருந்தால் யூனிபார்ம் காலரில் உரசி உரசிப் பிடரிப் பக்கம் முடிச்சு விழும். தினமும் போட்டால் நாலு மாதம், ஆறு மாதம்தான். சூடும் ஆகாது. அம்மா பக்கத்தில் நின்று குக்கர் விசிலை எட்டிப் பார்த்தால் முன்முடி பொசுங்கிச் சுருண்டுவிடும், தீபாவளி மத்தாப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைக்குத் தலை வளர்வதால் 40, 50 ஆயிரம் எல்லாம் போடாதீர்கள். ஒன்றரை வருஷத்தில் மாற்ற வேண்டி வரும் என்று கணக்கு வைத்து வாங்குங்கள்.

தோல்பிரிவு_சிஸ்டர் | ஏப்ரல் 21, மாலை 6:50

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் வேலை பார்த்தவள். விக்குக்கு முன் ஒன்று சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்கும் சேர்த்து. தலையில் முடி கொட்டினால் எல்லாமே புழுவெட்டு ஆகிவிடாது. செதில் செதிலாக உரிந்து, அரித்து, முடி பாதியில் ஒடிந்திருந்தால் அது தலையில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். அது ஒட்டிக்கொள்ளும், மாத்திரை சாப்பிட வேண்டும், அதன்மேல் விக்கை மாட்டினால் இன்னும் மோசமாகும். சில பிள்ளைகள் தங்களை அறியாமலே முடியைப் பிடுங்குவார்கள், அதற்குப் பார்க்க வேண்டிய டாக்டர் வேறு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மாதிரி இடத்தில் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

உங்கள் பெண்ணுக்கு டாக்டர் பார்த்துச் சொல்லியாயிற்று. பெயரில்தான் புழு இருக்கிறது, எந்தப் புழுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. தொட்டால் ஒட்டாது, சீப்பு மாறினால் ஒட்டாது. பள்ளியில் இதை எழுதியே கொடுங்கள். நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

விக்கில் கிளிப் வேண்டவே வேண்டாம். மிச்சமிருக்கும் முடியை அது இழுக்கும். இரு பக்க டேப் ஒட்டுவதாக இருந்தால் முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு துண்டு ஒட்டி ஒரு நாள் பாருங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி அவசியம், சித்திரை வெயிலில் நான்கைந்தாவது வேண்டும், மாற்றி மாற்றிப் போட. லோஷன் தடவச் சொல்லியிருந்தால் ராத்திரியில் தடவுங்கள், ஈரத் தலைமேல் விக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கழற்றட்டும்.

வாட்ஸப்பில் புது மாத்திரை என்று வரும். பாரிசிடினிப் 2022-இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதித்தது. ரிட்லெசிடினிப் 2023-இல், 12 வயது முதல். எட்டு வயதுக்கு நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இயற்கை_மூலிகை_777 | ஏப்ரல் 22, காலை 6:10

[நெறியாளர்: எண்ணெய் விளம்பரம் நீக்கப்பட்டது. மூன்றாவது தடவை.]

கண்மணி_அயனாவரம் | ஏப்ரல் 22, இரவு 9:45

எனக்கு 31 வயது. ஏழு வயதில் போன முடி இன்று வரை முழுசாக வரவில்லை. பத்து வயதில் என்னைக் கேட்காமல் ஒரு டோப்பா வாங்கி வந்தார்கள். டோப்பா என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தெருப் பையன்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நீங்களும் ஒருநாள் அந்த வார்த்தையைக் கேட்பீர்கள். பாப்பா அதை முதலில் வீட்டில் கேட்டுச் சிரித்துவிட்டால் வெளியில் அவ்வளவு வலிக்காது.

தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினம். மேலே போய் இறங்கும்போது காற்று அடித்தது. கையால் பிடிப்பதற்குள் என் தலையிலிருந்து கிளம்பிப் பின்சீட்டு மாமா மடியில் போய் விழுந்தது. அவர் பயந்து கத்தினார். நான் அழுதது விக் போனதற்காக இல்லை. கீழே இறங்கியதும் அப்பா சுற்றிலும் யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதற்குத்தான் அழுதேன். இன்றைக்கு அப்பாவிடம் சொன்னால் வருத்தப்படுவார், அதனால் சொன்னதில்லை.

ஜெயா அக்கா, உங்கள் பெண் தானே கேட்டிருக்கிறாள், அது பெரிய விஷயம். ஆனால் ஒன்றைச் செய்யுங்கள். முடிவேலை அண்ணா சொன்ன அளவு, அடர்த்தி எல்லாம் சரி. அதற்கு மேல் அவளுடைய ஒரு நாளை எழுதிப் பாருங்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டா, பி.டி. பீரியடில் ஓடுவாளா, டான்ஸ் கிளாஸ் உண்டா, யார் தலையை யார் தடவுவார்கள். கடைக் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பார்த்து வாங்குவது கடைக்காகச் செய்த விக். தலையை உலுக்கச் சொல்லுங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டச் சொல்லுங்கள், குதிக்கச் சொல்லுங்கள். நான் இப்போது உள்ளே வெல்வெட் பட்டை ஒன்று போடுகிறேன், நெற்றியைச் சுற்றி. கிளிப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம், விக் அதைப் பிடித்துக்கொள்ளும்.

போடாத நாளையும் அவளுக்கு விட்டுக்கொடுங்கள். அமெரிக்காவில் அயானா பிரெஸ்லி என்ற எம்.பி. 2020 ஜனவரியில் விக்கைக் கழற்றிவிட்டு வீடியோவில் பேசினார். அதைப் பார்த்த மறுவாரம்தான் நான் ஆபீஸுக்கு வெறும் தலையோடு போனேன். எனக்கு அப்போது வயது இருபதுகளின் நடுவில். எட்டு வயதில் அந்தத் தைரியத்தை எதிர்பார்க்கக் கூடாது, அதுவும் தெரியும்.

ஜெயா_பெரம்பூர் | ஏப்ரல் 22, இரவு 11:58

கண்மணி, படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மொட்டைக்கும் "திருத்தணி" என்று சொன்னது நான்தான்.

நாளைக்கு அவளோடு உட்கார்ந்து அந்த ஒரு நாளை எழுதுகிறேன்.

ஜெயா_பெரம்பூர் | ஜூன் 27, இரவு 10:30

கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

செய்து வாங்கினோம். நிஜ முடி, தோளுக்குக் கீழே நாலு விரல் நீளம். பின்வகிடும் பிடரியும் கைமுடிச்சு. 27 ஆயிரம் ஆனது, ஐந்து வாரம் எடுத்தார்கள். நெட் வெளிர் நிறத்தில்தான் வந்தது, டீ டிகாஷன் வைத்தியம் நான் சமையலறையில் செய்தேன், இரண்டு தடவை நனைக்க வேண்டியிருந்தது. முதல் பின்னலில் ஒரு பிரச்சினை. பின்னலை மடித்து ரிப்பன் கட்டினால் எடை முழுக்க இரண்டு இடத்தில் சேர்ந்து விக் பின்னால் நழுவியது. உள்பக்கம் முடியை இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள், வெல்வெட் பட்டையும் போட்டோம், நின்றுவிட்டது. கடையில் பாப்பா ஷூ லேஸ் கட்டினாள், குதித்தாள், கடைசியில் தலைகீழாக நிற்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள்.

பள்ளியில் கடிதம் கொடுத்தோம். கிளாஸ் டீச்சர் வகுப்புக்குச் சொல்லட்டுமா என்றார். பாப்பா வேண்டாம், மூன்று பேரிடம் மட்டும் நானே சொல்கிறேன் என்றாள். மூன்று பேரிடம் சொன்னால் நாற்பது பேரிடம் சொன்ன மாதிரிதான், மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு பையன் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டானாம், ஒரு மிட்டாய்க்குச் சம்மதித்திருக்கிறாள். பி.டி. பீரியடுக்குத் தொப்பி. டான்ஸ் கிளாஸுக்கு எதுவும் இல்லை, அங்கே டீச்சரும் கேட்கவில்லை. ஐந்து பருத்தித் தொப்பி வாங்கியதில் ஐந்தும் ஓடுகிறது. வாரம் ஒருமுறை அலசுகிறேன், குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, கசக்காமல். சின்ன எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் நிழலில் காயவைக்கிறேன். ஸ்டாண்டு வாங்கச் சொன்னார்கள், குடம் சரியாகப் பொருந்துகிறது.

தலையில் இரண்டு இடத்தில் வெள்ளையாகப் பூனைமுடி முளைத்திருக்கிறது. டாக்டர் நல்லது என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஒரு அவசரக் கேள்வி, முடிவேலை அண்ணாவுக்கு. போன வெள்ளிக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் மாமியார் குடத்தின் மேல் இருந்த விக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, வாரி, பின்னி, மல்லிப்பூ வைத்திருக்கிறார். "முடின்னா எண்ண வைக்காம எப்டிம்மா" என்கிறார். என்ன செய்வது?

முடிவேலை_சாலிகிராமம் | ஜூன் 28, காலை 8:15

சிரித்துவிட்டேன் அம்மா, மன்னிக்கவும். எண்ணெய் முடிச்சைத் தளர்த்தும், டேப் ஒட்டாது, பட்டையும் வழுக்கும். ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து, வேரிலிருந்து நுனி வரை விரலால் உருவி இரண்டு தடவை அலசுங்கள். உள்பக்க நெட்டில் பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாக. சுடு தண்ணீர் வேண்டாம்.

பூ வைப்பதில் தப்பில்லை, பாட்டியைத் தடுக்காதீர்கள். ஹேர்பின்னைப் பின்னலில் மட்டும் குத்தச் சொல்லுங்கள், நெட்டில் குத்தினால் கிழியும். ராத்திரியே எடுத்துவிட வேண்டும். ஈரப் பூ காலை வரை இருந்தால் உள்ளே ஒரு வாடை ஏறும், அது அலசினாலும் போகாது.

ஜெயா_பெரம்பூர் | ஜூன் 28, இரவு 9:05

அலசியாயிற்று. எண்ணெய் போய்விட்டது. இந்த வெள்ளிக்கு மாமியார் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டப்போகிறாராம், பின்னலில் மட்டும்தான் குத்துவேன் என்று சொல்லியிருக்கிறார்.